ருஷ்யப் பொட்டலமும் ஏலக்காய்த் தோலும்

ஆகஸ்ட் 29, வெள்ளி

வந்துவிட்டது! பத்து வருஷமாகப் பேரை மட்டும் சொல்லிக்கொண்டு திரிந்த பண்டம், இன்று கோயம்புத்தூரிலிருந்து கூரியரில் என் மருந்துக் கடைக்கே வந்து இறங்கியது. ருஷ்ய விண்வெளிக்காரர்கள் மேலே கொண்டுபோகும் பாலாடைக்கட்டி, கொட்டைப்பருப்பு கலந்தது. ஈரத்தையெல்லாம் உறிஞ்சி எடுத்து, பொடியும் கட்டியுமாக உள்ளங்கை அகலப் பொட்டலத்தில் அடைத்திருக்கிறார்கள். தண்ணீர் விட்டால் பழையபடி பண்டமாகிவிடும். மேலே இருக்கிற மற்ற நாட்டுக்காரர்கள் தங்கள் சாப்பாட்டைக் கொடுத்து இதை மாற்றி வாங்கித் தின்பார்களாம்.

அனுப்பியவர் குலோத்துங்கன். விண்வெளிச் சாப்பாடு சேகரிக்கிற எங்கள் 'மேலோகச் சாப்பாடு' வாட்ஸ்அப் குழுவின் தலைவர். அவரிடம் இரண்டு இருந்தது. ஒன்றை வைத்துக்கொண்டு ஒன்றை எனக்கு அனுப்பிவிட்டார். போனில், "கோமதிநாயகம் அண்ணா, நம்ம குழுவுக்கு மூக்கு நீங்கதானுங்க. நீங்க தின்னு எழுதுனாத்தானுங்க நாங்க தின்ன மாதிரி" என்றார். காதுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. பொய் சொல்வானேன்.

பொட்டலத்தின் காலாவதி தேதி செப்டம்பர் 30. அதற்குள் தின்று எழுதிவிடுவதாக வாக்குக் கொடுத்துவிட்டேன். மருந்துக் கடைக்காரன் நான். தேதி தாண்டிய பொருளை வாயில் வைக்கிற ஜாதி இல்லை.

வீட்டுக்கு வந்து வடிவிடம் காட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். "இந்தச் சவத்துத் தீனிக்கா இத்தனை சிரிப்பு?" என்றாள். இருபத்தெட்டு வருஷ தாம்பத்தியத்தில் என் சேகரிப்பில் ஒரு துணுக்கைக்கூட அவள் நாக்கில் வைத்ததில்லை.

பழக்கத்தில் பொட்டலத்தை முகர்ந்து பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. மாத ஆரம்பத்தில் வந்த காய்ச்சலின் சளி இன்னும் போகவில்லை.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

இன்று சவரிமுத்து அண்ணாச்சி வந்தார். பக்கத்து வீடு. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் சைவப் பிள்ளைமார் வீட்டில் பிறந்தவன். விண்வெளிச் சாப்பாட்டில் முக்கால்வாசி இறைச்சியும் மீனும். ஆகவே கவிச்சி டப்பாக்களுக்கு அண்ணாச்சிதான் என் நாக்கு. அவர் தின்றுகொண்டே சொல்லுவார், நான் மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு எழுதுவேன். பல வருஷ ஏற்பாடு. வீட்டுக்குள் விடமாட்டாள் வடிவு, மாடியில்தான்.

எங்கள் குழுவுக்கு மூன்று சட்டம். விண்வெளிக்குப் போகிற பண்டம் தயாராகும் அதே அடுப்படியில் தயாராகியிருக்க வேண்டும். பொருட்காட்சியில் விற்கிற, பொரி மாதிரிக் காய்ந்த ஐஸ்கிரீம் எல்லாம் கணக்கில் சேராது. எதிலும் இரண்டு வாங்க வேண்டும், ஒன்று வைக்க, ஒன்று தின்ன. தின்றால் காலி உறையைக் கழுவிக் காயவைத்து ஆல்பத்தில் ஒட்ட வேண்டும்.

ருஷ்யப் பொட்டலம் ஒன்றே ஒன்று. தின்றால், வைக்க இன்னொன்று இல்லை.

அண்ணாச்சி இன்று மாட்டிறைச்சி டப்பா ஒன்றைத் திறந்து இரண்டு கரண்டி தின்றார். "நல்லாத்தாம்வே இருக்கு. மிளகு பத்தல. நம்ம அமலி வச்சா இதுக்கு மூணு பங்கு போட்டிருப்பா" என்று மனைவி சமையலோடு ஒப்பிட்டார். எழுதிக்கொண்டேன். பிறகு என்னை ஒரு மாதிரி பார்த்து, "என்னவே, இன்னைக்கு மூக்குல துண்டக் காணும்?" என்றார்.

மறந்துவிட்டது என்றேன். மறந்துதான் போயிருந்தது.

செப்டம்பர் 6, சனி

சாயங்காலம் அடுப்படியில் உட்கார்ந்து மருந்துக் கம்பெனிக் கடுதாசிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்பக்கம் துணி எடுக்கப் போன வடிவு ஓடி வந்தாள். "அய்யோ! பால் தீஞ்சு வீடே புகையுது, பக்கத்துல உக்காந்து என்ன செய்யுதிய?"

திரும்பிப் பார்த்தால் பாத்திரம் கரியாகக் கிடக்கிறது. கவனம் கடுதாசியில் இருந்தது என்றேன். அவள் ஏசியிருக்க வேண்டும். ஒரு பால் பாத்திரத்துக்கு அவள் ஏசுகிற ஏச்சு தெருமுனை வரை கேட்கும். இன்று பேசாமல் பாத்திரத்தில் தண்ணீரை ஊற்றி வைத்துவிட்டு, என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அடுப்படி வேலை முடிந்ததும் கேஸ் சிலிண்டரை மூடுகிற பழக்கம் வடிவுக்கு இன்றிலிருந்து ஆரம்பமாகியிருக்கிறது. நல்ல பழக்கம்தான்.

செப்டம்பர் 9, செவ்வாய்

இட்லி, மிளகாய்ப்பொடி. உறைப்பு தெரிகிறது. உப்பும் தெரிகிறது. போதாதா?

செப்டம்பர் 13, சனி

காது மூக்கு டாக்டரிடம் போய்வந்தேன். சின்ன வயசு. என் கடைக்கு மருந்துச் சீட்டு அனுப்புகிறவர்தான். மூக்குக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "சளி இல்ல சார். காய்ச்சல்ல வாசனை நரம்பு அடிவாங்கிருக்கு. சில பேருக்கு மாசக்கணக்குல ஆகும். பாக்கலாம்" என்றார்.

முப்பது வருஷம் மருந்து விற்றவனுக்கு டாக்டர்களின் 'பாக்கலாம்' எப்படிப்பட்ட சொல் என்று தெரியும்.

ஒரு பயிற்சி சொல்லியிருக்கிறார். கிராம்பு, எலுமிச்சை, ரோஜா, நீலகிரித் தைலம் நான்கையும் காலையும் மாலையும் முகர வேண்டுமாம். கடையில் மேஜைக்கு அடியில் வைத்து முகர்கிறேன். கிராம்பு டப்பாவில் மூக்கை விட்டபோது ஒரு வாடிக்கையாளர் வந்துவிட்டார். பல்வலி என்றேன். மனுஷன் நின்று பல்வலிக்கு நாலு வைத்தியம் சொல்லிவிட்டுப் போனார்.

வடிவு கேட்டதற்கு, சளிக்குச் சொட்டு மருந்து கொடுத்தார் என்று சொன்னேன்.

செப்டம்பர் 20, சனி

இன்று ஒரு நல்ல விஷயம் படித்தேன். மேலே எடையில்லாமல் மிதக்கும்போது உடம்பின் நீரெல்லாம் தலைக்கு ஏறி, மூக்கு அடைத்துக்கொள்ளுமாம். கீழே தேனாக இருந்த பண்டம் மேலே சக்கையாக இருக்குமாம். அதனால்தான் எல்லாரும் உறைப்புக் குழம்பைக் கேட்டு வாங்குகிறார்கள்.

ஆக, இன்றைய தேதிக்குப் பாளையங்கோட்டையிலேயே அசல் விண்வெளிக்காரன் நான்தான். மூக்கு திறந்திருக்கிறவன் தின்று சொல்வதைவிட அடைத்தவன் தின்று சொல்வதுதான் நியாயமான அபிப்பிராயம். இதைக் குழுவில் எழுதலாமா என்று யோசித்தேன். வேண்டாம்.

குலோத்துங்கன் மறுபடி போன் செய்தார். பொட்டலத்தை வீடியோவில் எல்லாரும் பார்க்கப் பிரிக்கலாமே என்றார். சிக்னல் சரியில்லை, எழுதியே அனுப்புகிறேன் என்றேன். வடிவு வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். கத்தி கொஞ்ச நேரம் நின்று, பிறகு ஓடியது.

செப்டம்பர் 28, ஞாயிறு

தின்றாயிற்று.

காலையிலிருந்து ஒரு நிலைகொள்ளாமை. நவராத்திரிக்குப் பக்கத்து வீடுகளிலிருந்து வந்த சுண்டல் எல்லாம் மேஜையில் கிடக்க, நான் குளித்து, வேட்டி மாற்றி, பொட்டலத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கத்தரிக்கோலை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன்.

வடிவு வந்து நின்றாள். "கொண்டாங்க. தண்ணி பதமா ஊத்தணும்னு படிச்சுக் காட்டுனியள்ளா, நான் கலக்கிக் கொண்டாரேன்."

எனக்கு ஆச்சரியம். இத்தனை வருஷத்தில் அவளாக வந்து கேட்டது இதுதான் முதல் தடவை. ஓரத்தில் மட்டும் வெட்டு, உறை கிழிந்துவிடக் கூடாது, ஆல்பத்துக்கு வேண்டும் என்று பத்துத் தரம் சொல்லி அனுப்பினேன். கதவைச் சாத்திக்கொண்டாள். கத்தரிக்கோல் சத்தம் கேட்டது. பாத்திரச் சத்தமும் கேட்டது. என்னவோ வறுபடுகிற சத்தம்கூடக் கேட்ட மாதிரி இருந்தது. மதியச் சமையலாக இருக்கும்.

எவர்சில்வர் கிண்ணத்தில் வந்தது. வெள்ளை வெளேரென்று, கட்டியாக, மேலே பொன்னிறத்தில் கொட்டைகள். படத்தில் பார்த்ததைவிட அழகு. ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டேன்.

குளிர்ச்சி தெரிந்தது. வழவழப்பு தெரிந்தது. கொட்டை கறுக்கென்று கடிபட்டது. இனிப்பு நாக்கு நுனியில் எங்கேயோ பக்கத்துத் தெரு நாதஸ்வரம் மாதிரி கேட்டது. அவ்வளவுதான். பத்து வருஷம் காத்திருந்தது இதற்குத்தான்.

கண்ணைத் திறந்தபோது வடிவு எதிரே உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பிரமாதம்" என்றேன். பிறகு, சாதாரணமாகக் கேட்பதுபோல், "நீயும் ஒரு வாய் பாரேன். உனக்கு எப்படி இருக்குன்னு சொல்லு" என்றேன்.

மறுப்பாள் என்று நினைத்தேன். கரண்டியை வாங்கித் தின்றாள். நிதானமாகச் சொன்னாள். "லேசாப் புளிக்கு. பொறவு இனிக்கு. கடைசியில பால் வாசம் தொண்டையில நிக்கு."

எனக்கும் அப்படித்தான் என்றேன்.

உண்டு முடித்த பின் பல்லிடுக்கில் என்னவோ உறுத்தியது. எடுத்துப் பார்த்தால் ஏலக்காய்த் தோல்! ருஷ்யாக்காரன் ஏலக்காய் போடுவான் என்று எந்தக் கட்டுரையிலும் படித்ததில்லை. ஏலக்காய் எல்லா நாட்டுக்கும்தான் போகிறது, போட்டால் என்ன? இதை முதலில் கண்டுபிடித்து எழுதப்போகிறவன் நான்.

குழுவுக்கு எழுதி அனுப்பிவிட்டேன். புளிப்பு, இனிப்பு, தொண்டையில் நிற்கும் பால் வாசம், ஏலக்காய். குலோத்துங்கன் கைகூப்பும் படம் வரிசையாக அனுப்பியிருக்கிறார்.

செப்டம்பர் 29, திங்கள்

இன்றைக்கு எழுதக்கூட ஆத்திரம் ஆறவில்லை.

உறையை எங்கே காயவைத்திருக்கிறாய் என்று காலையில் வடிவிடம் கேட்டேன். "அதையா? குப்பை வண்டியில போட்டுட்டேனே" என்கிறாள்! பத்துத் தரம் சொன்னேன். பத்துத் தரம்! செருப்பு மாட்டாமல் தெருவில் ஓடினேன். வண்டி சமாதானபுரம் தாண்டிப் போய்விட்டது. ஊரே பார்க்க மூச்சிரைக்க நின்றேன்.

திரும்பி வந்து ஏசினேன். கொஞ்சமாக ஏசவில்லை. கூறுகெட்டவள் என்றேன். என் பொருள் என்றால் உனக்கு எப்போதும் இளப்பம் என்றேன். இருபத்தெட்டு வருஷத்தையும் இழுத்துவைத்து ஏசினேன். அவள் அடுப்பைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு, "தப்புதான்" என்றாள். வடிவு எதிர்த்துப் பேசாமல் ஏச்சு வாங்கியதை நான் பார்த்ததில்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

செப்டம்பர் 30, செவ்வாய்

காலாவதி தேதி. பேச்சு வார்த்தை இல்லை. சாம்பார்.

அக்டோபர் 2, வியாழன்

சவரிமுத்து அண்ணாச்சி காம்பவுண்டுச் சுவர் பக்கம் கூப்பிட்டார். "ஓய், தங்கச்சிகிட்ட பேச மாட்டீராமே?"

உறை விஷயத்தைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "உறைதான வே போச்சு. தங்கச்சிய ஏசாதீரும். பெறவு நீரே வருத்தப்படுவீரு" என்றார். ஏன் வருத்தப்பட வேண்டும் என்றேன். ஒன்றும் இல்லை என்று மீசையைத் தடவிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ராத்திரி கடையிலிருந்து வரும்போது வடிவுக்கு மல்லிகைப் பூ வாங்கி வந்தேன். தலையில் வைத்துக்கொண்டு, "நல்ல வாசம், இல்லையா?" என்று கேட்டாள். ரொம்ப நல்ல வாசம் என்றேன். அவள் கண் கலங்கியிருந்தது. பூவுக்கா அழுவார்கள்?

அக்டோபர் 14, செவ்வாய்

குலோத்துங்கன் போன். எனக்கு வியர்த்துவிட்டது.

"அண்ணா, நீங்க எழுதுனத படிச்சுப் படிச்சு ஆச தாங்கலீங்க. வெக்கறதுக்கு இருந்த பொட்டலத்தையும் நேத்து பிரிச்சுப் போட்டனுங்க. தேதி தாண்டுனாத் தாண்டட்டும்னு. புளிப்பு இருக்குது, இனிப்பு இருக்குது. ஆனா ஏலக்காய் எங்கீங்க?"

"பேட்ச் வேறயா இருக்கும்" என்றேன். மருந்துக் கடையில் மாத்திரை நிறம் மாறியிருக்கிறது என்று யாராவது சண்டைக்கு வந்தால் சொல்லுகிற பதில்.

"ரெண்டும் ஒரே பேட்ச் நம்பருங்களே."

உங்கள் மூக்கு அடைத்திருக்கிறதோ என்னவோ என்று சொல்லிவிட்டேன். எந்த வாயால் அதைச் சொன்னேன்!

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

விடியற்காலையில் வடிவு தலையில் எண்ணெய் வைத்தாள். தெருவெல்லாம் வெடிப்புகை. வீட்டுக்குள் முந்திரிக்கொத்து, அதிரசம், இலேகியம். எதுவும் மூக்குக்கு எட்டவில்லை. மேளம் இல்லாத ஊர்வலம் மாதிரி தீபாவளி என் முன்னால் நடந்து போனது.

சளி இல்லை. எனக்கு வாசனை போய்விட்டது. இதை இங்கேயாவது எழுதிவிட வேண்டும். வராமலே போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. அந்த ருஷ்யப் பொட்டலத்தை எதற்குப் பிரித்தேன்? ஊரில் ஒரே ஒரு பொட்டலம், அதைத் தின்றது ஒரு மரக்கட்டை. வாக்கு, கௌரவம், 'மூக்கு' என்ற பட்டம், இதற்காக அதை வீணாக்கிவிட்டேன். நினைத்தால் வயிறு எரிகிறது.

வடிவிடம் சொல்லலாம் என்று அடுப்படி வரை போனேன். "என்ன வேணும்?" என்றாள். அதிரசம் என்றேன். இரண்டு கொடுத்தாள்.

நவம்பர் 1, சனி

எழுதக் கை ஓடவில்லை!

மத்தியானம் கடையை அடைத்துவிட்டுச் சாப்பிட வந்தேன். வாசல் கேட்டைத் திறக்கும்போது என்னவோ மூக்கில் வந்து முட்டியது. முதலில் என்னவென்றே புரியவில்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மறுபடி வந்தது. கருவாடு! அண்ணாச்சி வீட்டில் கருவாடு பொரிகிறது!

பிறந்ததிலிருந்து அந்த வாசனைக்கு முகம் சுளித்தவன் நான். அமலி மைனி கருவாடு பொரிக்கும் நாளில் எங்களுக்காக எங்கள் பக்கத்து ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் பொரிப்பாள். சாத்தியும் வந்திருக்கிறது. சுவருக்கு ஓடினேன். "மைனி! ஜன்னலத் திறங்க! திறந்து வைங்க!" என்று கத்தினேன்.

அமலி மைனி கரண்டியும் கையுமாக ஜன்னலைத் திறந்து, மிரண்டுபோய்ப் பார்த்தாள். அண்ணாச்சி பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். நான் சுவரில் முகத்தை வைத்துக்கொண்டு இழுத்து இழுத்து முகர்கிறேன். கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. "ஏ, பிள்ளைவாள் மதம் மாறிட்டாரு டோய்!" என்று அண்ணாச்சி சிரித்தார்.

திரும்பினால் வடிவு நிற்கிறாள். இனி மறைப்பதற்கு என்ன இருக்கிறது? "வடிவு, எனக்கு வாசனையே இல்லாம இருந்துச்சு. மூணு மாசமா" என்றேன்.

"தெரியும். பால் தீஞ்ச அன்னைக்கே தெரியும்" என்றாள்.

"ஏன் கேக்கல?"

"நீங்களா சொல்லுவியன்னு பாத்தேன். சோறு ஆறுது, வாங்க."

நவம்பர் 7, வெள்ளி

காபி வாசனை வந்திருக்கிறது, ஆனால் ரப்பர் எரிகிற மாதிரி. டாக்டர் அது நல்ல அறிகுறி என்கிறார். கிராம்பு நன்றாகத் தெரிகிறது. ரோஜா இன்னும் தகராறு.

கடையில் ஒவ்வொரு டானிக்காகத் திறந்து முகர்ந்துகொண்டிருக்கிறேன். வியாபாரம் கெட்டாலும் பரவாயில்லை.

நவம்பர் 15, சனி

வடிவு எனக்குப் பரீட்சை வைத்தாள். துண்டால் கண்ணைக் கட்டி, மூக்குக்கு நேராக ஒவ்வொன்றாக நீட்டினாள். பெருங்காயம். கறிவேப்பிலை. கற்பூரம். காபிப்பொடி, ரப்பர் இல்லாமல், காபியாகவே. நல்லெண்ணெய். கடைசியாக நீட்டியதில் சோப்பும் மஞ்சளும் கொஞ்சம் பெருங்காயமும் கலந்து வந்தது. "உன் கை" என்றேன்.

"பாஸ்" என்றாள். குரல் ஒரு மாதிரி இருந்தது. துண்டை அவிழ்த்தபோது எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு டப்பாக்களை மூடிக்கொண்டிருந்தாள். "நாளைக்கு அண்ணாச்சியையும் மைனியையும் வரச் சொல்லுங்க" என்றாள்.

நவம்பர் 16, ஞாயிறு

நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

அண்ணாச்சியும் மைனியும் வந்து உட்கார்ந்தார்கள். வடிவு அடுப்படியிலிருந்து உளுந்து டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கையை உள்ளே விட்டு, உளுந்தைத் துழாவி, ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து உதறி என் முன்னால் வைத்தாள்.

ருஷ்யப் பொட்டலம். முழுசாக. ஓரம்கூட வெட்டுப்படாமல்.

பொட்டலத்தைக் கையில் எடுத்துப் பார்த்தேன். "அப்போ அன்னைக்கு நான் தின்னது?"

"கட்டித் தயிரைத் துணியில முடிஞ்சு தொங்கவிட்டது. சீனி. முந்திரிப் பருப்ப நெய்யில வறுத்துப் போட்டேன். ரெண்டு ஏலக்காய்."

"கத்தரிக்கோல் சத்தம் கேட்டுதே?"

"முந்திரிப் பாக்கெட்டு."

அண்ணாச்சி தொடையில் அடித்துச் சிரித்தார். அவருக்கு முன்னாலேயே தெரியும். நான் ஏசிய அன்றைக்கே வடிவு மைனியிடம் சொல்லியிருக்கிறாள், யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று.

"ஏசுனேனே, வடிவு. வாய்க்கு வந்தபடி ஏசுனேனே. அப்பவாவது சொல்லிருக்கலாம்லா?"

"சொன்னா, தேதி முடியதுக்குள்ள தின்னே ஆவணும்னு அன்னைக்கே பிரிச்சிருப்பிய. மூக்கு இல்லாம அத வீணாக்கிட்டு, ஆயுசுக்கும் அத நெனச்சு நெனச்சு மருகுவிய. எனக்குத் தெரியாதா உங்கள?"

"ஒருவேள மூக்கு வராமலே போயிருந்தா?"

"போயிருந்தா அது பாட்டுக்கு உளுந்துக்குள்ள கெடக்கும். நீங்க தின்னாச்சுன்னு நெனச்சுகிட்டு நிம்மதியா இருப்பிய."

அழுதேன். அண்ணாச்சி, மைனி எல்லாரும் பார்க்கத்தான். எழுதுவதில் என்ன வெட்கம்? இந்த ஊரில் என்னைப்போல் கொடுத்துவைத்தவன் எவனும் இல்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு பொட்டலத்தைத் திருப்பினேன். பழக்க தோஷம். செப்டம்பர் 30. தேதி தாண்டி ஒன்றரை மாதம். கை அப்படியே நின்றுவிட்டது. வடிவுக்குப் புரிந்துவிட்டது. "நம்ம மோர்மிளகா மூணு வருசமாட்டு பானையில கெடக்கு. அதுல என்னைக்காவது தேதி பாத்துத் தின்னிருக்கியளா? அதுவும் ஈரமில்லாமக் காஞ்சது, இதுவும் காஞ்சது" என்றாள்.

என் கடையில் மாத்திரை கேட்கிற யாரிடமும் இந்த நியாயம் செல்லாது. ஆனால் இன்றைக்குச் செல்லும்.

நானே வெட்டினேன். வெட்டியதும் மூக்கை வைத்தேன். காய்ந்த பால், லேசான புளிப்பு, அடியில் வறுத்த கொட்டையின் எண்ணெய் மணம். அப்படியே உட்கார்ந்து நாலைந்து தரம் முகர்ந்தேன். "தின்னும்வே, மூக்காலயே தீத்துராதீரும்" என்றார் அண்ணாச்சி.

தண்ணீர் விட்டு, ஊறவிட்டு, நாலு பேரும் தின்றோம். பொடி குழைந்து, இளசான பால்கட்டி ஆகிவிட்டது. புளிப்பு முதலில் வருகிறது, இனிப்பு ரொம்ப அடக்கம், கொட்டை ஊறியும் மொறுமொறுப்பு விடவில்லை. மேலே இருக்கிறவர்கள் இதற்குச் சண்டை போடுவது நியாயம்தான். மைனி, "நல்ல பண்டம், ஆனா கொஞ்சம் சீனி போட்டிருக்கலாம்" என்றாள். வடிவு இரண்டு கரண்டி தின்றாள். இப்போது சவத்துத் தீனி என்று சொல்லவில்லை.

உறை கழுவிக் கொடியில் காய்கிறது. கிளிப்பு மாட்டியது வடிவு.

நவம்பர் 17, திங்கள்

குழுவில் எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். மூக்கு போனது, வடிவின் வார்த்தையைக் காப்பியடித்தது, ஏலக்காய் எங்கள் அடுப்படி ஏலக்காய் என்பது, எல்லாம். குலோத்துங்கனுக்குத் தனியாகப் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். அவர் மூக்கையல்லவா குறை சொல்லியிருந்தேன்.

அவர் சிரிக்க ஆரம்பித்தார், நிறுத்தவே இல்லை. "நான் ஒரு மாசமா ஏலக்காய மோந்து மோந்து பாத்து, என்ற மூக்கு போயிருச்சோன்னு டாக்டர்கிட்ட போலாம்னு இருந்தனுங்க! சரி, அது கெடக்குது. அக்கா செஞ்சாங்களே, அதோட பக்குவத்த அனுப்பிவிடுங்க அண்ணா" என்றார்.

நவம்பர் 23, ஞாயிறு

நேற்றே வடிவிடம் சொல்லிவிட்டேன், அன்றைக்குச் செய்தது மறுபடி வேண்டும் என்று. "ஒரிஜினலத் தின்னாச்சு, இனி டூப்ளிகேட்டு எதுக்கு?" என்றாள். அன்றைக்கு வாயில் போட்டேனே தவிர தின்னவில்லை, பாக்கி இருக்கிறது என்றேன். ராத்திரியே தயிரை முடிந்து தொங்கவிட்டிருக்கிறாள்.

அதே எவர்சில்வர் கிண்ணம். எதிரே அவள். முதல் கரண்டியை முகர்ந்துவிட்டு வாயில் வைத்தேன். நெய் மணம் முன்னால் வந்தது. அது அவள் அன்று சொல்லாதது. சொல்லியிருந்தால் மாட்டிக்கொண்டிருப்பாள். பிறகு லேசான புளிப்பு. அப்புறம் இனிப்பு. கடைசியில் பால் வாசம் தொண்டையில் நின்றது. அன்றைக்கு நான் திருடி எழுதியதில் ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.

கிண்ணத்தை வழித்துத் தின்றுவிட்டு, நாக்கால் பல்லிடுக்கைத் துழாவிப் பார்த்தேன். "இன்னைக்கு ஏலக்காய்த் தோலு இல்லியே" என்றேன்.

"இன்னைக்கு என்ன அவசரம்? உக்காந்து நெதானமா உரிச்சுப் போட்டேன்" என்றாள்.